மார்கழி முடியட்டும்

ரொறன்ரோவில் மார்க்கம் வீதியில் உள்ள எங்கள் பயண முகவர் கடையில் ராகுகாலத்தில் ரிக்கெற் போடுவதில்லை. இது கடை வைத்த சட்டம் அல்ல, வருகிறவர்கள் வைத்த சட்டம். திரையில் இடம் இருக்கும், பெயரும் அடித்தாகிவிடும், ஒரு பொத்தானை அழுத்துவதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து எதிரே இருக்கும் அங்கிள் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எட்டிப் பார்ப்பார். “பிள்ளை, ஒண்டரை கழியட்டும். இண்டைக்குப் புதன் எல்லே” என்பார். ராகுகாலம் யாழ்ப்பாணத்து நேரத்துக்கோ ரொறன்ரோ நேரத்துக்கோ என்று பகிடியாகக் கேட்பேன். அவர் சிரிக்கமாட்டார். தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைப்பேன். ஒன்றரைக்குப் பார்த்தால் அந்த இடத்தை வேறு யாரோ பிடித்திருப்பார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து என் மனிசனிடம் நையாண்டி பண்ணிச் சிரிக்கிறவள் நான். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கதிரையில் இருந்து எல்லைகளை வைத்துத்தான் சோறு தின்கிறேன். எந்த நாட்டுக்குப் போக எது வேண்டும், எத்தனை நாள் நிற்கலாம், எது எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கடைக்குள் வருகிறவர்களிடம் வணக்கம் சொல்லும் முன்பே என் வாயில் வருவது, “பாஸ்போட்டிலை கடைசித் திகதி என்ன?” என்பதுதான்.

ஒரே ஒரு தடவை, என் சொந்தத் தம்பியிடம், அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அதனால் அவனுக்கு அவனுடைய மகள் இல்லாமல் போனாள். பிள்ளை நல்ல சுகமாக இருக்கிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இல்லாமல் போனாள் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.

தம்பிக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது நான் கனடாவில் இறங்கினேன், அவன் லண்டனில் இறங்கினான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். வேலைக்கு ஓட வான் வாங்குவதென்றாலும் பல்லுப் பிடுங்குவதென்றாலும் ரொறன்ரோவுக்கு ஒரு போன் அடித்துக் கேட்டுவிட்டுத்தான் செய்வான். “உன்ர தம்பி மாதிரி ஒருத்தன் வேணும்” என்று சிநேகிதிகள் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். அதை இப்போது மறைத்து என்ன பயன்.

அவனுக்கு மின்சார வேலை. கட்டினது யேர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பெண்பிள்ளையை. அந்த நாட்டுப் பிரசை அவள். ஒற்றைப் பெட்டியோடு லண்டனுக்கு வந்து இறங்கினாள். விசா இல்லை, கடிதம் இல்லை, ஏன் வந்தாய் எத்தனை நாள் நிற்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்த காலம் அது. எங்கள் சனம் பாரிஸில் சீலை எடுத்து, லண்டனில் கலியாணம் செய்து, யேர்மனியில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போய்த் திரிந்தது. எங்களுக்கு இங்கே ஸ்காபரோவில் இருந்து மொன்றியல் போய்வருவது போல.

அவர்களுக்கு ஒரு மகள். கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் இருக்கையில் லண்டனில் பிறந்தாள். தாய் தன் நாட்டு அடையாள அட்டை ஒன்று அவளுக்கும் எடுத்தாள். கைக்குள் அடங்குகிற சின்ன அட்டை. லண்டனில் பிறந்தும் லண்டன் பாஸ்போட் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லை தாண்ட அந்த அட்டை போதும் என்றிருந்தது.

அவளுக்கு ஐந்து வயதான கோடையில் நான் போயிருந்தேன். நால்வரும் தம்பியின் வானில், கப்பலேறி, தாய்வீட்டுக்குப் போனோம். துறைமுகத்தில் அவர்கள் மூன்று பேருடைய அட்டையையும் பாஸ்போட்டையும் ஒரு பார்வை பார்த்துக் கையை வீசிவிட்டார்கள். என் கனடாப் பாஸ்போட்டை மட்டும் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எங்கே தங்குவேன், எப்போது திரும்புவேன், ரிக்கெற் எங்கே. பின் சீற்றில் இருந்த சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மாமி, உங்களுக்கு அட்டை இல்லையோ?” என்றாள்.

“இல்லையம்மா. நான் தூரத்து ஆள்” என்றேன்.

“இந்தாங்கோ, என்ரையைக் காட்டுங்கோ” என்று தன்னுடையதை நீட்டினாள். அந்த அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு முந்தின வருடம்தான் ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற வாக்கெடுப்பு முடிந்திருந்தது. விலகுவதென்றே தீர்ப்பு. ஆனாலும் எல்லையில் ஒன்றும் மாறியிருக்கவில்லை, மாறப்போவதாகவும் எங்களுக்குத் தெரியவில்லை. தம்பியின் மனைவிக்கு மட்டும் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. லண்டனில் வேலை செய்து வரி கட்டினாலும் வேற்றுநாட்டுப் பிரசை என்றபடியால் அந்த வாக்கெடுப்பில் அவளுக்கு உரிமை இருக்கவில்லை. தம்பிக்கு இருந்தது. அவன் அன்றைக்கு ஒரு வீட்டுக்கு வயர் இழுக்கப் போய்விட்டான்.

“எனக்கு வோட் இல்லை. வோட் இருந்த உங்களுக்கு நேரமில்லை” என்றாள் வானுக்குள், பகிடி போலத்தான்.

“ஒரு வோட்டாலை என்ன வரப்போகுது?” என்றான் அவன்.

“அதுதானே மச்சாள், ஒரு வோட்டாலை என்ன?” என்று நானும் ஒத்து ஊதினேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுடைய பக்கத்தில் நின்றுதான் எனக்குப் பழக்கம்.

கொரோனா வந்த வருடம் அவர்கள் பிரிந்தார்கள். சண்டை சச்சரவு என்று பெரிதாக இல்லை. ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, தங்களுக்குள் கதைக்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று. அவள் தாய்தகப்பனிடம் திரும்பிப் போவதென்று முடிவெடுத்தாள். ஜனவரியில் அங்கே வேலை தொடங்குகிறது. மகளையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றாள். தம்பி யோசித்துவிட்டுச் சம்மதித்தான். பள்ளி விடுமுறை எல்லாம் பிள்ளை லண்டனில் அவனோடு. மாதத்தில் இரண்டு தடவை அவன் அங்கே போய்ப் பார்ப்பான். எல்லாம் வாய்ச்சொல். ஆனாலும் அவன் விபரமில்லாதவன் அல்ல. ஒரு தமிழ் லோயரிடம் போய், இதையே நீதிமன்ற உத்தரவாக எடுத்துவைக்கக் கேட்டான். லோயர் மனுவைத் தயாரித்தார். மனைவியும் மறுப்பில்லை என்றாள்.

டிசம்பரில் பிள்ளையின் ஒன்பதாவது பிறந்தநாள். திரையில் பார்த்தேன். மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து கேக் வெட்டினார்கள். நான் ரொறன்ரோவில், றூஜில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து கைதட்டிப் பாட்டுப் பாடினேன். தாய் பிள்ளைக்கு ஊட்ட, பிள்ளை தகப்பனுக்கு ஊட்ட, எனக்கு உள்ளே ஒரு ஆசை கிளம்பியது. இதுகள் பிரியமாட்டுதுகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்தநாள் காலை தம்பி போன் எடுத்தான். எங்கள் கடை பூட்டு. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கும் போகேலாது. மார்கழிப் பூசையைத் திரையில் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊருலகத்து ரிக்கெற்றுகளை எல்லாம் இரத்துச் செய்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

“அக்கா, பேப்பர் எல்லாம் ரெடி. நாளைக்கே கோட்டிலை போடுவம் எண்டு லோயர் சொல்லுறார்.”

“நாளைக்கோ? மார்கழியிலையோ?”

“ஓம். அவர் கொஞ்சம் அவசரப்படுத்துறார்.”

“அவருக்கென்ன, அவசரப்படுத்துவார். மார்கழியிலை ஆரும் கோட்டுப் படி ஏறுவினமோ? அதுவும் பிள்ளையின்ர விசயம். தை பிறக்கட்டும். பொங்கி, சூரியனைக் கும்பிட்டிட்டுப் போய்ப் போடு.”

அவனுக்குப் பின்னால் தண்ணீர் கொதிக்கிற கேத்தலின் இரைச்சல் கேட்டது.

“அக்கா, தைக்கிடையிலை அவையள் வெளிக்கிட்டிடுவினம்.”

“வெளிக்கிட்டால் என்ன? மச்சாள்தான் ஓம் எண்டு சொல்லிட்டாளே. மூண்டு நாலு கிழமையிலை என்ன குடி முழுகப் போகுது?”

“சரியக்கா” என்றான்.

அந்த ‘சரியக்கா’ இன்னும் என் காதில் இருக்கிறது. ஏன் இந்த அவசரம், கடைசித் திகதி ஏதும் இருக்கோ என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ரிக்கெற் போட வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறதை அவனிடம் நான் கேட்கவில்லை. என் நாக்கில் சனி இருந்தது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் உண்மை அது இல்லை. மார்கழி எனக்கு ஒரு சாட்டு. கோட்டுக்குப் போய்விட்டால் அவர்கள் திரும்ப ஒன்றாக மாட்டார்கள் என்று பயந்தேன். நாலு கிழமை கிடைத்தால் மனம் மாறுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அதை வெளிப்படையாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் மாதத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மனம் ஒன்றும் மாறவில்லை. ஜனவரி முதல் கிழமை தாயும் மகளும் போய்விட்டார்கள். தைப்பொங்கல் அன்று வெளியே பனி கொட்ட, நான் அடுப்பில் பொங்கிப் படைத்து, தம்பிக்காகவும் கும்பிட்டேன். மறுநாள் அவன் மனுவைப் போட்டுவிட்டுப் படம் அனுப்பினான். பிள்ளையார் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து லண்டன் நீதிமன்றம் கையை விரித்தது. பிள்ளை இப்போது வாழ்வது யேர்மனியில், ஆகவே அங்கே போய்க் கேட்கவேண்டும் என்றது. தம்பி அதை ஒரு வரியில்தான் எனக்குச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நீதவானை, லோயரை, தம்பியின் மனைவியை எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அங்கே வழக்குப் போடுவதற்குப் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எனக்கு ஆங்கிலக் கடிதம் வாசித்துப் பழக்கம் என்றபடியால் கட்டாக அனுப்பி, ஒழுங்குபடுத்தித் தரச் சொன்னான். அதற்குள் லோயர் டிசம்பர் தொடக்கத்தில் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. பிரித்தானியா விலகியதன் இடைக்காலம் இந்த வருடக் கடைசி நாளோடு முடிகிறது என்று அதில் இருந்தது. அதற்கு முன் தொடங்கிய வழக்குக்குப் பழைய சட்டம்: பிள்ளை பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் வழக்கு லண்டனிலேயே நடக்கும், அதில் வரும் உத்தரவை யேர்மனியில் அப்படியே நடைமுறைப்படுத்தலாம். அதற்குப் பின் தொடங்கினால் அந்தப் பிடி இல்லை; பிள்ளை போகிற இடத்துக்கு வழக்கும் போய்விடும். ஆகவே டிசம்பர் முப்பத்தொன்றுக்கு முன் போட்டே ஆகவேண்டும். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அடித்து, கீழே கோடும் போட்டிருந்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மனிசன் வந்து, அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்குது என்று சொன்ன பிறகுதான் மணத்தது. தம்பிக்குப் போன் எடுத்தேன்.

“உனக்கு இது தெரியுமோடா?”

“எது?”

“இந்தத் திகதி.”

“ஓம்.”

“பிறகேன்டா எனக்குச் சொல்லேல்லை?”

“மூண்டு நாலு கிழமைதானே எண்டு நீங்கள் சொன்னாப்பிறகு நான் என்ன அக்கா சொல்லுறது?” என்றான். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே நடந்த வழக்கு ஒரு வருடத்தைத் தாண்டியது. அவர்கள் ஒருவரும் அநியாயம் செய்யவில்லை, அதுதான் சொல்ல முடியாத துன்பம். முறைப்படி எல்லாம் நடந்தது. பிள்ளை அங்கே ஊன்றட்டும் என்று தாய் முந்திய சம்மதத்தில் இருந்து பின்வாங்கினாள். சிறுவர் நலன் அலுவலகத்துப் பெண் பிள்ளையோடு தனியாகக் கதைத்தாள். பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், புதுச் சிநேகிதிகள், போனில் மட்டும் வருகிற ஒரு தகப்பன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பகலில் சில மணித்தியாலம், அந்த ஊரிலேயே பார்க்கலாம் என்று முடிவாயிற்று. விடுமுறையில் லண்டனுக்கு அனுப்புவதைத் தாயும் தகப்பனும் பேசித் தீர்க்கவேண்டும் என்றார்கள். பேசித் தீர்க்கக்கூடியவர்கள் ஏன் கோட்டுக்கு வருகிறார்கள்.

அதற்குள் அட்டையும் செல்லாமல் போயிற்று. விலகிய மறு வருடம் இலையுதிர் காலத்தோடு, அடையாள அட்டையைக் காட்டிப் பிரித்தானியாவுக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள், பாஸ்போட் வேண்டும். பிள்ளைக்கு யேர்மன் பாஸ்போட் எடுக்கத் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்கவேண்டும்; லண்டன் பாஸ்போட் எடுப்பதென்றாலும் பிள்ளையின் தாளெல்லாம் தாயிடம்தான். தம்பி உடனே வைத்து அனுப்பினான். தாய் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தாள். பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் விட்டுவிடுவானோ என்று அவளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கலாம். லண்டன் உத்தரவு ஒன்று கையில் இருந்திருந்தால் அவளுக்கும் அந்தப் பயம் இருந்திராது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைத்தது வேறு. அதை இங்கே எழுத முடியாது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஊருக்கே போய் இருந்தால் என்ன என்று தம்பி ஒருநாள் கேட்டான். விலகுவதற்கு முன்பென்றால் வானில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அப்படியே போய் வேலை தொடங்கியிருக்கலாம். இப்போது அவன் கையில் இருப்பது வெறும் பிரித்தானியப் பாஸ்போட். ஆறு மாதத்தில் தொண்ணூறு நாள், அதுவும் சுற்றுலாக்காரனாக. வேலை செய்வதென்றால் விசா, அதற்கு மொழி, அதற்குச் சான்றிதழ். “நீயும் என்னைப்போல தூரத்து ஆளாய்ப் போட்டாயடா” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தத் துறைமுகமும், பின் சீற்றில் இருந்து அட்டையை நீட்டிய சின்னக் கையும் ஞாபகம் வந்தது.

ஆகவே அவன் போய்ப் போய் வந்தான். அவனுடைய ரிக்கெற் எல்லாம் நான்தான் போட்டேன். வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு திரும்புவது. சில தடவை பிள்ளைக்குக் காய்ச்சல், சில தடவை பள்ளிச் சுற்றுலா, சில தடவை சிநேகிதியின் பிறந்தநாள். தாய் வாசலில் நின்று சொல்லிவிடுவாளாம். அவன் அந்த ஊர் ரயில் நிலையத்தில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவான். வயது ஏற ஏற, பிள்ளையே வர விருப்பமில்லை என்று சொல்லத் தொடங்கினாள். மாதத்தில் இரண்டு, ஒன்றாகி, பிறகு போனிலும் கதை குறைந்து போயிற்று. ரிக்கெற் போடும்போது இந்தத் தடவையாவது என்று கும்பிட்டுக்கொள்வேன். எந்த ராகுகாலமும் பார்க்கவில்லை. நல்ல நாள் பார்ப்பதில் எனக்கிருந்த கொஞ்ச நம்பிக்கையும் விட்டுப் போயிருந்தது.

போன ஆவணியில் தம்பியின் மனைவியின் மச்சாள் ஒருத்திக்கு இங்கே பக்கத்தில் யூனியன்வில்லில் கலியாணம். யேர்மனியில் இருந்து குடும்பமாக வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளையும் வருகிறாளாம். நாலு வருடமாக எடுபடாத பாஸ்போட் கலியாணம் என்றதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. அதற்கும் தம்பியின் கையெழுத்து வேண்டியிருந்தது. தாள் வந்த அன்றே போட்டு அனுப்பியிருக்கிறான், ஒரு நிபந்தனை இல்லாமல். “எங்கையாவது ஒரு இடத்துக்கு வரட்டும் அக்கா, நான் அங்க வாறன்” என்றான்.

அவனுக்கு ரிக்கெற் போட்டேன். பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு அவளுக்கும் போன் எடுத்தேன். கலியாணத்துக்கு அடுத்தநாள் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு வரமுடியுமோ என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“கூட்டிக்கொண்டு வாறன் மச்சாள்” என்றாள். இன்னும் மச்சாள் என்றுதான் கூப்பிட்டாள். அதற்கு நான் தகுதியில்லை என்று பட்டது.

ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். தாய் உள்ளே வந்து, தம்பியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் மனிசனோடு பின்வளவில் தக்காளிப் பாத்தி பார்க்கப் போனாள். பிள்ளை பதின்மூன்று வயசு, என்னைவிட உயரம். மேசையில் தகப்பனுக்கு எதிரே இருந்தாள். அவளுடைய தமிழ் இடையிடையே யேர்மன் மொழிக்கு வழுக்கியது, அவனுடையது ஆங்கிலத்துக்கு. றோல்ஸ் பொரித்து வைத்தேன். பள்ளிக்கூடம் எப்படி, நல்லம். விமானத்திலை என்ன சாப்பாடு, பாஸ்டா. இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று.

புதுப் பாஸ்போட்டைக் காட்டச் சொன்னேன். தொழில் புத்தி, வேறென்ன. அவள் கொடுத்தாள். புத்தம் புதிது. தம்பி என்ன நினைத்தானோ, தன்னுடையதையும் சட்டைப்பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தான். அவள் அதைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக முத்திரை, ஒன்றின் மேல் ஒன்று. போனது, வந்தது, போனது, வந்தது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் அவனுக்கு ஒருவரும் முத்திரை குத்தியிருக்க மாட்டார்கள். அவள் திகதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இதெல்லாம் வந்தனீங்களோ?”

“ஓம்.”

“நான் வரமாட்டன் எண்டு சொன்ன அந்த நாளுகளிலையும்?”

“அது உங்களுக்குக் காய்ச்சல்தானே” என்றான்.

அவள் பாஸ்போட்டை மூடி வைத்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள். “அப்பா, நான் போக முதல் பேப்பர் எல்லாம் ரெடியா இருந்ததாம். அம்மா சொன்னவ. அதைப் போட்டிருந்தால் நான் லீவுக்கு லீவு உங்களிட்டை வந்திருப்பனாம். ஏன் போடேல்லை? நான் போனாப்பிறகு ஏன் போட்டனீங்கள்?”

எவ்வளவு காலம் இதை மனதில் வைத்திருந்தாளோ. தகப்பனுக்குத் தான் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். வரமாட்டேன் என்று சொன்ன சனிக்கிழமைகளுக்கெல்லாம் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாய் திறக்காவிட்டால் அவன் கடைசிவரை அப்படியே இருப்பான் என்று எனக்குத் தெரியும். அக்காவைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வராது. குசினிக்குள் போய்விடலாமோ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அவ்வளவு கோழை நான்.

“நான்தான் மறிச்சனான்” என்றேன். “அப்பா போடத்தான் வெளிக்கிட்டவர். மார்கழியிலை வேண்டாம், தை பிறக்கட்டும் எண்டு சொன்னது நான். பிழை என்ரை.”

“மார்கழி எண்டால்?”

“டிசம்பர் நடுவிலையிருந்து பொங்கல் மட்டும் வாற மாசம். அதிலை நல்ல காரியம் ஒண்டும் துவங்கிறேல்லை எண்டு எங்கட ஆக்களிட்டை ஒரு பழக்கம்.”

அவள் மனதுக்குள் எதையோ எண்ணிப் பார்த்தாள்.

“நான் அதிலைதானே பிறந்தனான்” என்றாள்.

ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் அவளுக்குச் சட்டை வாங்கி அனுப்பியவள் நான். கேக் வெட்டக் கைதட்டிவிட்டு, அடுத்தநாள் காலையில் அந்த மாதமே கூடாது என்று சொன்னவளும் நான். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. “ஓம் அம்மா” என்றேன். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்க முடியாமல் அழுதேன்.

அவள் அழவில்லை. எழுந்து என்னிடம் வரவும் இல்லை. ஒரு றோல்ஸை எடுத்து, கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டு, தகப்பனின் பக்கம் திரும்பினாள்.

“இப்ப என்னட்டைப் பாஸ்போட் இருக்கு. இந்த டிசம்பர், பிறந்தநாளுக்கு, நான் லண்டனுக்கு வரட்டா?”

தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. தலை பாதி நரைத்துவிட்டது. ஐந்து வருடமாக அவன் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. வாய் திறந்தது. பதில் சொல்ல முதல், சின்ன வயதில் இருந்து பழகிப்போன பழக்கத்தில், அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“என்னைப் பாக்காதையடா” என்றேன். “பிள்ளையைப் பார்.”

அப்போதும் அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.